ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வெளியே இருக்கும் தெரு: செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை வீடு தேடிப் போனது

வழக்கமாக இங்கே சரக்கெடுக்கப் போன ஊர்களைப் பற்றித்தான் எழுதுவேன். எந்த லாட்ஜில் காலையில் சுடுதண்ணீர் வரும், எந்த ஓட்டலில் மதியம் இரண்டுக்குமேல் போனாலும் சாம்பார் மிச்சமிருக்கும், அந்த மாதிரி. இந்த முறை போனது வாடகைக்கு வீடு பார்க்க. செங்கல்பட்டில் கிளம்பி திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், புதுப்பட்டினம் என்று ஒரு சுற்று சுற்றி மறுபடி செங்கல்பட்டு. ஏப்ரல் கடைசி, ஒரு சனி ஞாயிறு. மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் குடிவர நினைத்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. நானும் அவள் அம்மா வாணியும் மூன்று வருடமாகத் தனித்தனி வீட்டில் இருக்கிறோம். காரணம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மகள் தாம்பரத்தில் அம்மாவோடு இருப்பாள். மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு என்னிடம் வருவாள். இப்போது வாணிக்கு அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்குப் புனே மாற்றல். பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் வாணியின் அக்கா வீட்டில் இருக்க வேண்டும். போனில் அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"உன்கிட்ட விடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஒன்பதாவது மாடி வேணாம். ரெண்டு நாள் அங்க இருந்துட்டு வந்தா, நாலு நாளைக்கு அவ டேப்லேர்ந்து தலையத் தூக்க மாட்டேங்கறா. பசங்க வெளிய வெளையாடற எடமா ஒரு வீடு பாரு. மே கடைசிக்குள்ள சொல்லு. இல்லன்னா கோயம்புத்தூர்ல பீஸ் கட்டிடுவேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் இருக்கும் அடுக்குமாடி ஜிஎஸ்டி சாலை ஓரம். விளம்பரத்தில் 'குழந்தைகள் விளையாட்டுத் திடல்' என்று போட்டிருந்தார்கள். அது இருக்கத்தான் செய்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், பந்து விளையாடக் கூடாது என்று ஒரு பலகை. ஆனால் ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போவது லேசில்லை. லிப்டுக்கு அட்டை வேண்டும். பத்து வயதுக்குக் கீழே தனியாக ஏறக் கூடாது. கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடத்தைத் தாண்ட வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே போய், கூடவே உட்கார்ந்து, கூடவே திரும்ப வேண்டும். மேலேயிருந்து கூப்பிட்டால் கேட்காது, கீழேயிருந்து கூப்பிட்டாலும் கேட்காது. சனிக்கிழமைதான் எனக்குக் கடையில் கூட்டம். அப்புறம் பிள்ளை அந்த டேப்லட் திரையில்தான் இருப்பாள். யாரைக் குறை சொல்ல?

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர் வயர் மொத்த வியாபாரம். ரயில் நிலைய வாசலில் தார்ப்பாய் விரித்து ஆரம்பித்தது. இந்த வியாபாரத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு ஏரியாவில் சார்ஜர் வயர் கழுத்துப் பகுதியில் மடங்கி மடங்கி அறுந்து வந்தால், அந்த ஏரியாவில் பிள்ளைகள் வெளியே போவதில்லை. சார்ஜ் போட்டபடியே மடியில் வைத்துப் பார்க்கிற வயர்தான் அப்படி அறுகும். அடுக்குமாடிப் பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த வயரைப் பெட்டி பெட்டியாக எடுத்துப் போவார்கள். எனக்கு லாபம்தான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

இன்னொரு பழக்கம். புதுக் கடை போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா நிற்பேன். எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்தப் பக்கமாக நடக்கிறார்கள், யார் நின்று பார்க்கிறார்கள். தரகர் சொல்வதை நம்புவதைவிட அது பரவாயில்லை. வீட்டுக்கும் அதையே செய்வது என்று முடிவு செய்தேன். ஐந்து மணிக்குத் தெருவில் போய் நிற்பது, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம். வேனை எடுக்கவில்லை. தினம் நான் கடைக்கு வந்துபோகும் பாதை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டாமா? பஸ்ஸில்தான் போனேன்.

சனிக்கிழமை மதியம் கடைக் கூட்டம் குறைந்ததும், மூன்றரைக்குச் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஏறினேன். திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். வெயில் பக்கம் உட்கார்ந்துவிடாதீர்கள். போகும்போது சாயங்காலத்தில் இடது பக்கம் பரவாயில்லை. நாலேகாலுக்கு இறங்கினேன். தரகர் செல்வம் கோயில் பக்கத்தில் காத்திருந்தார். சித்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. முதல் நாள்தான் தேர் ஓடி நிலைக்கு வந்திருந்தது. தெருவெல்லாம் உப்பும் நசுங்கிய வாழைப்பழமுமாகக் கிடந்தது.

தேர் ஓடும் வீதியில் மாடிப் போர்ஷன் ஒன்று, வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. வீட்டை அரைகுறையாகத்தான் பார்த்தேன், ஏனென்றால் கீழே தெருவில் அப்படி ஒரு காட்சி. தேருக்காக விட்ட அகலம், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிள்ளைகள். ஒரு பக்கம் கிரிக்கெட், நடுவில் சைக்கிள், கடைசியில் பெண் பிள்ளைகள் சுண்ணாம்பில் கட்டம் போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில்கூட போன் இல்லை. நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி யாழினியை ஒவ்வொரு கூட்டத்திலும் நிறுத்திப் பார்த்தேன்.

"இன்னா சார், புடிச்சிதா?" என்றார் செல்வம்.

"இவ்ளோ பசங்க தினம் இருப்பாங்களா?"

"இந்த ஊரு புள்ளைங்கதான் சார் எல்லாம். வேற எங்க போவும்?"

இன்னொரு வீடும் காட்டினார். வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. சந்து வாயில் இடுப்புயரத்துக்கு ஒரு கருங்கல் தூண் நட்டிருந்தார்கள். முன்பு ஒரு லோடு வண்டி உள்ளே புகுந்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டதாம், அதற்குப் பிறகு சந்துக்காரர்களே காசு போட்டு நட்டது. இருசக்கர வண்டி மட்டும் நுழையும். வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. "கார் வராது சார், மொதல்லயே சொல்ட்றேன்" என்று செல்வமே வெட்கப்பட்டதுபோலச் சொன்னார். என்னிடம் வேன் இருக்கிறது. அங்கேயே மனசுக்குள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். சந்தும் காலியாகத்தான் கிடந்தது. இரண்டு சின்னப் பெண்கள் மட்டும் குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டிவிட்டு, கட்டியதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருந்தாலும் பழக்கத்தை விடக் கூடாது என்று அங்கேயும் நின்றேன். செல்வம் சாவி வாங்கப் போயிருந்தார்.

ஜன்னலோரத் தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மிஷினை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும்.

"யாரு நீங்க? அர மணி நேரமா இங்கியே நின்னுகினு கீறீங்க."

அரை மணி எல்லாம் இல்லை, பத்து நிமிடம் இருக்கும். "வீடு பார்க்க வந்தேன்" என்றேன்.

"வூடு பாக்க வந்தவரு வூட்டப் பாக்கணும். புள்ளைங்கள ஏன் பாக்கறீங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இருபது வருடமாக வியாபாரம் செய்கிறவன், எவ்வளவோ பேச்சு கேட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் கோபம் வந்தது. தனியாக நிற்கும் ஆண், பக்கத்தில் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, கையில் பையும் இல்லை. அவர் கண்ணால் என்னைப் பார்த்தபோது எனக்கே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. செல்வம் வந்து, "கோமளாக்கா, நம்ம பார்ட்டிதான்" என்ற பிறகும் அவர் ஊசியில் நூல் கோக்காமல் நான் சந்தை விட்டு வெளியேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வீதி வீட்டுக்காரரிடம் ஏறக்குறைய சரி என்றே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரே கடையில் சரக்கெடுத்துப் பழக்கமில்லை. கடற்கரைப் பக்கமும் பார்த்துவிட வேண்டும். ஏழு மணி பஸ்ஸில் மாமல்லபுரம், பதினைந்து கிலோமீட்டர். லாட்ஜில் ஒற்றை அறை ஆயிரத்து இருநூறு. சனிக்கிழமை விலை, திங்கள் என்றால் எண்ணூறுக்குப் பேசலாம். "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். ஒருவர் என்றேன். மேஜையில் அந்த லாட்ஜ்காரரின் பையன் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயர் செருகியிருந்தது. கழுத்து மடங்கியிருந்தது.

ஞாயிறு காலை ஒரு ஆட்டோக்காரரிடம் வாடகை வீடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"ரூம் கேளு அண்ணாத்த, நூறு காட்றேன். வூடு கேட்டா நான் எங்க போவேன்? எல்லா வூடும் லாட்ஜாப் பூடுச்சி."

ஊரைச் சுற்றிக் காட்ட முந்நூறு ரூபாய் பேசினோம். அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு தெருவில் ஒன்பது கட்டிடம் இருந்தால் ஆறு வாடகை அறை. வாரநாளில் பூட்டு, சனி ஞாயிறில் யாரென்று தெரியாத கார்கள். அந்தத் தெருவில் யார் யாருக்குத் தெரிந்தவர்?

"பீச் இருக்கே, பசங்க விளையாட" என்றேன்.

"அது டூரிஸ்ட்டு புள்ளைங்களுக்கு. என் பொண்ணு பீச்சப் பாத்து மூணு மாசம் ஆவுது. ரோட்டத் தாண்டி யாரு இட்டுகினு போறது? நான் சவாரில கீறேன், அவுங்க அம்மா ஓட்டல் வேலையில கீறா. வூட்ல ஒரு போன் கீது. பேஜாரு இல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார்: "நாம நாளெல்லாம் ஊர்ப்பட்ட புள்ளைங்கள பீச்சுக்கு இட்டுகினு போறோம், அத்த வுடு."

கடற்கரையில் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகள் படகுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அலை தெரியும், அங்கே ஒவ்வொரு வலைக்குப் பக்கத்திலும் சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யாழினிக்கு நீச்சல் தெரியாது. மணலில் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சார், ஒரு போட்டோ எடுங்க" என்று மூன்று பேர் போனைக் கொடுத்தார்கள். மூன்றையும் நன்றாகவே எடுத்துக் கொடுத்தேன்.

மாலை புதுப்பட்டினம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். டிக்கெட் பதினெட்டு ரூபாய். பக்கத்திலேயே அணுமின் நிலையப் பணியாளர் குடியிருப்பு இருக்கிறது. மதிலுக்கு உள்ளே மரங்கள், அகலச் சாலை, வண்டிகள் மெதுவாகப் போகின்றன, பிள்ளைகள் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். இப்படித்தான் கட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் வீடு. என்னைப் போன்றவனுக்கு மதிலுக்கு வெளியேதான். வெளியே கடைத்தெரு, மீன் மார்க்கெட், வீட்டு வாசலை உரசிக்கொண்டு வண்டிகள். சாலையோரம் செயற்கைப் புல் விரித்து வலை கட்டிய டர்ஃப் மைதானம் ஒன்று, மணிக்கு எண்ணூறு ரூபாய். வியாபாரியாகச் சொன்னால் நல்ல தொழில். ஊரில் காலி இடம் குறையக் குறைய வாடகை ஏறும். வாசல் பெஞ்சில் ஐந்து பையன்கள் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள போகலையா?" என்றேன்.

"ஏழு மணி ஸ்லாட்டு அங்கிள்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இதுல மேட்ச்சு. இதுல நாங்கதான் ஜெயிச்சிகினு கீறோம்."

இருட்டிய பிறகு செங்கல்பட்டு பஸ். திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் வந்தது, தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வாணிக்குப் போன் செய்து வீடு கிடைத்துவிட்டது என்றேன். "நெஜமாவா? பசங்க இருக்காங்களா?" என்றாள். அறுபது பேர் இருப்பார்கள் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசும்போது சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை யாழினியை அழைத்துக்கொண்டு வேனில் போனேன். வழியெல்லாம் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பையில் டேப் இருந்தது. ஒருவேளை என்று எடுத்து வந்தாளாம். நாலரைக்கு வீதிக்குள் திருப்பினேன். திருப்பியதும் பிரேக் போட வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் கார்கள், கார்களுக்கு வெளிப்பக்கம் பைக்குகள், நடுவில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு டெம்போவும் மினி பஸ்ஸும் எதிரெதிரே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளைகூட இல்லை. சுண்ணாம்புக் கட்டம் போட்டிருந்த இடத்தில் வீட்டுக்காரரின் காரே நின்றது.

"நீ சொன்ன பசங்க எங்கப்பா?"

வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "திருவிழா முடிஞ்சிபோச்சே சார். தேருக்காக வண்டியெல்லாம் எடுக்கச் சொல்லி தடுப்பு வெச்சிருந்தாங்க. இப்ப தடுப்ப எடுத்துட்டாங்க."

செல்வத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நீங்க கேட்டது இந்த ஊரு புள்ளைங்களான்னுதான சார்" என்றார். அவரை என்ன சொல்வது? திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் கடை பிடிப்பவனைக் கண்டு நாங்கள் சிரிப்போம். எங்கள் தொழிலில் புதுசாக வருகிறவன் செய்யும் முதல் தப்பு அது. நான் பிள்ளைகளை எண்ணினேன். வண்டிகள் இல்லாததை எண்ணவில்லை.

யாழினி என் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லப்பா. நான் வண்டியிலயே பாத்துக்கறேன்" என்று டேப்பை எடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாணியிடம் என்ன சொல்வது என்பதைவிட, ஒன்பது வயதில் என்னைச் சமாதானப்படுத்துகிறாளே என்பதுதான் உறுத்தியது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வேனைப் பஸ் நிலையப் பக்கம் நிறுத்திவிட்டு, டீ குடிக்கலாம் என்று நடத்திக் கூட்டிவந்தேன். வழியில் அந்தக் கருங்கல் தூண். உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது.

சந்துக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள். போன வாரம் அந்தப் பெண்கள் கட்டிய கொடிக்கயிறு அதே இடத்தில் இருந்தது. அதுதான் நெட். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷட்டில். போன வாரம் இவர்களெல்லாம் பெரிய வீதி கிடைத்ததென்று அங்கே ஓடியிருக்கிறார்கள், நான் மாடியிலிருந்து பார்த்து ஆசைப்பட்டது இவர்களைப் போன்ற சந்துப் பிள்ளைகளைத்தான். கோமளா மிஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார்.

"புள்ள கீதா? அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

"உன் மூஞ்சி அப்டி இருந்திச்சி, நான் இன்னா பண்ண?"

பிள்ளைகள் முதலில் டேப்பைத்தான் சூழ்ந்தார்கள், உண்மையைச் சொல்ல வேண்டும். என்ன கேம், எத்தனை லெவல் என்று கால் மணி நேரம் ஏழு தலைகளும் அதற்குள்தான் இருந்தன. போச்சு என்று நினைத்தேன். அப்போது ஒருவர் பைக்கை எஞ்சின் நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் எழுந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். எழுந்த பிறகு யாரும் மறுபடி உட்காரவில்லை. கயிறு கட்டிய பெண்களில் ஒருத்தி ஆட்களை எண்ணினாள்.

"ஒரு ஆளு கம்மியா கீது. நீ வரியா?"

யாழினி டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சந்து வீட்டைத்தான் எடுத்தேன். வாணி ஒருநாள் மாலை வந்து, கோமளாவிடம் என்னைவிட அதிக நேரம் பேசிவிட்டு, சரி என்றாள். வேனைக் கடைப் பக்கத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துபோகிறேன். மொத்த வியாபாரம் சாயங்காலத்தில் மந்தம்தான். ஐந்துக்குக் கிளம்பினால் ஆறுக்கு வீடு, அதுவரை யாழினி கோமளாவின் கண் பார்வையில்.

இதுபோல வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திருவிழா, ஞாயிறு, பள்ளி லீவு, இதெல்லாம் இல்லாத ஒரு சாதாரண நாளில் ஐந்து மணிக்குப் போங்கள். பூங்கா இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வீட்டு வாசலிலிருந்து அந்தப் பூங்காவரை எத்தனை இடத்தில் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் பிடிக்க வேண்டியிருந்தாலும் அந்தப் பிள்ளை தனியாகப் போகாது, நீங்களும் தினம் போக மாட்டீர்கள். கார் வராது என்று தரகர் தயங்கிச் சொல்லும் வீட்டை மறக்காமல் பாருங்கள். பிள்ளையைக் கூட்டிப் போங்கள். போன இடத்தில் யாராவது "நீ யார், ஏன் நிற்கிறாய்?" என்று கேட்டால் என்னைப் போலக் கோபப்பட வேண்டாம். என் அடுக்குமாடியில் மூன்று வருடம் இருந்தேன். வாசலில், லிப்டில், மாடிக்கு மாடி கேமரா. நான் யாரென்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆறு மணிக்கு நான் வீடு திரும்பும்போது வீட்டில் யாரும் இருப்பதில்லை. ஒன்பதாவது மாடியில் டேப்போடு இருந்தாலும் சோபாவில் என் பக்கத்தில் இருப்பாள், கால் என் மடியில் இருக்கும். இப்போது டேப் அலமாரியில் இருக்கிறது. நான் ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று அந்த நேரத்தில் வாணி புனேயிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அவளும் அப்போதுதான் வேலை முடித்து அறைக்கு வந்திருந்தாள். பின்னால் வெறும் சுவர்.

"அவ எங்க?"

"வெளிய."

"வெளியன்னா எங்க?"

எனக்குத் தெரியவில்லை. போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். சுவரும் கொடிக்கயிற்றின் ஒரு முனையும்தான் தெரிந்திருக்கும். யாரோ அவுட் என்றார்கள், யாரோ இல்லை என்றார்கள், கோமளாவின் மிஷின் நின்று மறுபடி ஓடியது. அந்தச் சண்டையில் ஒரு குரல் யாழினியுடையது.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேணாம். வெளையாடட்டும்" என்றாள்.

சொல்லிவிட்டும் அவள் போனை வைக்கவில்லை. நானும் ஜன்னல் பக்கம் நீட்டியபடியே வைத்திருந்தேன், கை வலிக்கும்வரை.